கரும்பலகை ஓரத்தில் ஒரு முதலை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகுதான் இன்னொருவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சமாவது யோக்கியதை வரும். நானே எழுதிய ஒரு பொய்யை நானே நம்பி, நானே பயந்து, பதினோரு நாள் தாமிரபரணியில் இறங்காமல் வீட்டுக் குழாயடியில் குளித்தவன் நான். தச்சநல்லூரில் எங்கள் தெருக் குழாயில் அந்த வருடம் தண்ணீர் சொட்டிய வேகத்துக்கு, அதைக் குளியல் என்று சொல்வதே இரண்டாவது பொய்.

இரண்டு நாள் பொறுத்திருந்த என் மனைவி மூன்றாம் நாள் கேட்டுவிட்டாள்.

"என்ன, இன்னைக்கும் ஆத்துக்குப் போவலியா? குழாய்த் தண்ணியில குளிச்சா குளிச்ச மாதிரியே இல்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவீங்களே?"

"ஆத்துல முதலை கெடக்காம்."

"உங்களைப் பாத்தா அது பயந்துரும். தைரியமாப் போயிட்டு வாங்க."

நான் போகவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த எட்டு நாளும் போகவில்லை.

இப்போது இதை எழுதக் காரணம், எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். மறைந்த எங்கள் வரலாற்று ஆசிரியை பற்றி அதில் ஒரு கட்டுரை வேண்டுமாம். மற்றவர்கள் கொடுத்த கட்டுரைகளைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் டீச்சர் விளக்காக எரிகிறார், ஏணியாக நிற்கிறார். எனக்கு அந்த மாதிரி எழுத வரவில்லை. அவரைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் முதலையில் வந்து நிற்கிறது. முதலையில் ஆரம்பித்தாலோ எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த விவகாரத்தில் எனக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. புரிந்த பாதியையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். அவருக்கு வரலாறு, எனக்குத் தமிழ். அவர் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். காலையில் வந்ததும் பையிலிருந்து இரண்டு பேப்பரை எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக விரிப்பார். கையில் ஒரு சிவப்புப் பென்சில். ஒரே பஸ் விபத்து ஒரு பேப்பரில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்றும், இன்னொன்றில் 'வளைவில் திரும்பியபோது' என்றும் வந்திருக்கும். இரண்டின் அடியிலும் கோடு போடுவார். ஆசிரியர் ஓய்வறையில் அவர் மேசைக்கு நாங்கள் வைத்த பெயர் 'பேப்பர் கடை'. வைத்தவன் யார் என்று கேட்காதீர்கள்.

இரண்டு வருடம் ஹெட்மாஸ்டர் அறைக்கு நடையாய் நடந்து, ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை வாங்கிவிட்டார். பேப்பரும் டி.வி.யும் சொல்வதை எப்படிப் படிப்பது, எப்படிப் பார்ப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க. இன்றைக்கு இதற்கு ஊடகக் கல்வி என்று பெயர் வைத்து, குளிர்சாதன அறையில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். அன்றைக்கு அது 'டீச்சரோட செய்திப் பீரியடு', அவ்வளவுதான்.

எதற்கு இந்த வீண்வேலை என்று ஒரு நாள் கேட்டேன். அவர் தன் அப்பா கதையைச் சொன்னார்.

"கடல்ல காத்து அடிச்ச சமயம் சார். செத்தவங்க பட்டியல்னு பேப்பர்ல போட்டான். அதுல எங்க அப்பா பேரும் இருந்துச்சு. அவரு அன்னைக்குக் கடலுக்கே போவல. வீட்டு வாசல்ல வலையைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாரு."

"நல்ல கூத்து."

"பக்கத்து வீட்டுப் பெரியம்மா மாரடிச்சு அழுதுக்கிட்டு ஓடி வந்தாவ. வாசல்ல அப்பாவைப் பாத்தாவ. பாத்தும் அழுகையை நிறுத்தல சார். பேப்பர்லயே வந்திருச்சேங்காவ."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "சாயந்தரம் அப்பாவே எங்கிட்ட வந்து, 'ஏ பிள்ளை, நல்லா எழுத்துக் கூட்டிப் படிச்சியா, என் பேருதானா?'ன்னு கேட்டாரு. அவருக்கே சந்தேகம் வந்துட்டு."

அந்த வகுப்புக்கு நானும் ஒரு சரக்கு கொடுத்திருக்கிறேன் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நேரில் பார்த்ததற்கும் பிறர் சொல்லிக் கேட்டதற்கும் தமிழில் ஏதாவது வித்தியாசம் உண்டா என்று டீச்சர் கேட்டார். "ஒரு 'ஆம்' போட்டா முடிஞ்சுது டீச்சர். வந்தான்னா பாத்தது, வந்தானாம்னா கேட்டது" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. அந்த வாரமே பயல்கள் பேப்பரைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நிருபர் கண்ணால் பார்த்திருக்க வழியில்லாத ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு 'ஆம்' ஒட்ட வேண்டும். அமைச்சர் அதிர்ச்சி அடைந்தாராம். பொதுமக்கள் மகிழ்ச்சியில் திளைத்தார்களாம். கேட்கக் கேட்கப் பேப்பரே புறணி பேசுவதுபோல இருக்கும்.

இனி முதலை.

ஊரில் மாதா கோயில் திருநாள் என்று டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டார். "சார், என் பீரியடைக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். எனக்குக் குறும்பு தலைக்கேறியது. பயல்கள் எவ்வளவு கெட்டி, பார்த்துவிடலாம் என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'மணிமுத்தாறு அணை முதலை ஆற்றோடு இறங்கி சீவலப்பேரிக்கு வந்திருக்கிறதாம்.' வழியில் அத்தனை அணைக்கட்டையும் முதலை எப்படித் தாண்டியது என்று எவனாவது கேட்பான், கேட்டவனைத் தட்டிக்கொடுக்கலாம் என்பது திட்டம்.

கொட்டை எழுத்தில் எழுதியதால் பலகை போதவில்லை. 'வந்திருக்கிற' என்பதோடு ஓரம் வந்துவிட்டது. 'தாம்' கீழ் வரிக்கு இறங்கியது. கீழே முந்தைய பீரியடில் கணக்கு வாத்தியார் போட்டு அழிக்காமல் விட்ட 'விடை = 15' இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் 'தாம்' போய் உட்கார்ந்துகொண்டது. சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை, ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்தார். போனேன். அவர் எதற்குக் கூப்பிட்டார் என்பது இப்போது நினைவில் இல்லை. திரும்பி வருவதற்குள் மணி அடித்து, பயல்கள் டவுன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, அதைச் சுத்தமாக மறந்துபோனேன்.

செவ்வாய்க்கிழமை மாலைப் பேப்பரில் நாலு பத்தி அகலத்துக்குத் தலைப்பு. சீவலப்பேரி ஆற்றில் பதினைந்து அடி நீள முதலை, பொதுமக்கள் பீதி.

நியாயமாக எனக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. என் புத்தி போன போக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் எழுதிய முதலைக்கு நீளம் கிடையாது. பேப்பர் முதலை பதினைந்து அடி. ஆகவே அது வேறு, இது வேறு. அது பொய் முதலை, இது அசல். நான் விளையாட்டாக எழுதிய நேரம் பார்த்து நிஜமாகவே ஒன்று வந்து சேர்ந்துவிட்டது! என் வாக்குக்கு இப்படி ஒரு பலமா என்று உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. மறுநாளிலிருந்து குழாயடி.

அடுத்த வாரம் ஹெட்மாஸ்டர் ஓய்வறைக்கே வந்துவிட்டார். சீவலப்பேரிப் பக்கத்துப் பெற்றோர் சிலர் தாளாளரைப் பார்த்துக் கத்திவிட்டுப் போயிருந்தார்கள். பிள்ளைகள் ஆற்றைத் தாண்டி வயலுக்குப் போக மாட்டேன் என்கிறார்கள், கேட்டால் பள்ளிக்கூடத்தில் சொன்னது என்கிறார்கள் என்று புகார்.

"டீச்சர், பாடம் நடத்துதீங்களா, புரளி கெளப்புதீங்களான்னு தாளாளர் என்னையக் கேக்காரு. உங்க வகுப்புல இது ஆரம்பிக்கலைன்னு திங்கக்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லைன்னா அந்தப் பீரியடைக் கணக்குக்குக் குடுத்துருவேன்."

கணக்கு வாத்தியார் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க ஆரம்பிச்சுதுன்னு பாக்கேன் சார்" என்றார் டீச்சர். அவர் கேட்டது ஒன்று, இவர் ஒப்புக்கொண்டது இன்னொன்று. வாக்கியத்தைப் பிரித்துப் பிரித்துக் காட்டித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அந்த வித்தியாசம் அப்போது என் காதில் விழவே இல்லை.

சனிக்கிழமை சீவலப்பேரிக்குத் துணைக்கு வரச் சொன்னார். அந்தத் தடத்தில் ஓடும் டவுன் பஸ்ஸின் கண்டக்டர் என் பழைய மாணவன். இரண்டு வருடம் நடந்து வாங்கிய பீரியடு போகப்போகிறது என்ற கவலை டீச்சர் முகத்தில் தெரிந்தது. அந்தச் சில நாளில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். எனக்கு மனசின் மூலையில் ஏதோ உறுத்தியது. ஆனால் பதினைந்து அடி என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நம்முடையது இல்லை, நம்முடையது இல்லை என்று சொல்லிக்கொண்டேன்.

பஸ்ஸில் கண்டக்டர் சிரித்தான். "அய்யா, நீங்களுமா? முதலை பாக்கவா?"

"நீங்க பாத்தீங்களா தம்பி?" என்றார் டீச்சர்.

"பாக்காமயா டீச்சர்? சும்மா ஆத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு."

"உங்க கண்ணால பாத்தீங்களா?"

அவன் இரண்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "டீக்கடை அண்ணாச்சி பாத்திருக்காரு."

டீக்கடை அண்ணாச்சி பார்க்கவில்லை. "எனக்குக் கடையை விட்டு நவுர முடியுமா? நடவு நடுதா பாருங்க ஒரு பொம்பள, அவதான் கிட்டக்க நின்னு பாத்திருக்கா. பைய வரப்பு வழியாப் போங்க, வழுக்கும்."

வழுக்கியது. நான் ஒரு தடவை விழுந்தேன். சேற்றுக் காலோடு அந்த அம்மாள் முன்னால் போய் நின்றோம். கையில் நாற்றுமுடியோடு நிமிர்ந்தார்.

"முதலையைப் பாத்தது நீங்கதானா அக்கா?"

"ஆமா, நான்தான் பாத்தேன்." குரலில் அப்படி ஒரு கம்பீரம்.

"எப்படி இருந்துச்சு?"

"மரக்கட்டை கணக்கா கெடந்துச்சு."

"மரக்கட்டையாவே இருந்திருக்குமோ?"

"மரக்கட்டை கணக்காத்தான் கெடந்துச்சுங்கேன். பின்ன முதலை எப்படிக் கெடக்கும், மாட்டுவண்டி கணக்காவா?"

நான் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. "அது முதலைன்னு உங்களுக்கு எப்பம் தெரிஞ்சுது?"

"பேப்பர்ல போட்டாம்லா, அன்னைக்குத்தான். அது வரைக்கும் கட்டைன்னு நெனச்சு, அதும் பக்கத்துலயே துணி அலசியிருக்கேன்! நெனச்சா ஈரக்கொலை நடுங்குது."

"பதினஞ்சு அடி இருக்குமா?"

"பேப்பர்காரன் அளக்காமயா போடுவான்?"

கட்டை எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று நான் கேட்டேன். இருபது நாளாவது இருக்கும் என்றார். நான் பலகையில் எழுதுவதற்கு முன்பிருந்தே கிடக்கிறது. அப்படியானால் என் பொய்க்கு முன்னாலேயே அங்கே ஏதோ ஒன்று இருந்திருக்கிறது. முதலையாக இருந்தால் நான் சொன்னது மெய். கட்டையாக இருந்தால் பொய். நான் எழுதியபோது அது எதுவாக இருந்தது? பேப்பரில் வந்த பிறகு எதுவாக ஆனது? 'அந்தக் கட்டையைப் பார்த்துவிடலாமே' என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதலையாக இருந்துவிட்டால்?

டீக்கடைக்குத் திரும்பினோம். டீச்சர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பதினஞ்சு அடின்னு மொதல்ல யாரு சொன்னா?" என்றார்.

"உங்க பயலுவதான் டீச்சர். பள்ளிக்கூடத்துப் போர்டுல முதலை வந்திருக்குன்னு எழுதி, பக்கத்துலயே பதினஞ்சுன்னும் போட்டிருக்குன்னானுவ. போர்டுல பொய்யா எழுதுவாவ? பேப்பர் நிருபர் இங்கனதான் டீ குடிப்பாரு, அவருகிட்டச் சொன்னேன். அவரு எழுதிக்கிட்டாரு."

கரும்பலகையின் வலது ஓரம் கண் முன்னால் வந்தது. விடை = 15. பக்கத்தில் என் அருமை 'தாம்'. முதலை இருக்கிற இடத்தை நான் கொடுத்தேன், நீளத்தைக் கணக்கு வாத்தியார் கொடுத்தார். என் இலக்கணம் மட்டும் யார் கண்ணிலும் படாமல் ஒரு ஓரமாக நின்றிருக்கிறது.

டீச்சர் நோட்டில் எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'ஆரம்பம்: நம் வகுப்பு, கரும்பலகை.' அடுத்த வரியில் 'எழுதியவர்:' என்று எழுதி, கொஞ்ச நேரம் பென்சிலைப் பிடித்திருந்தார். பிறகு அந்த இடத்தை அப்படியே விட்டு நோட்டை மூடினார்.

இந்த இடம்தான் எனக்கு இன்று வரை விளங்காதது. அந்த வெள்ளிக்கிழமை வகுப்பை என்னிடம் ஒப்படைத்தவரே அவர்தான். வேறு யார் எழுதியிருப்பார்கள்? தெரியாமல் இருக்க வழியே இல்லை. பின்னே ஏன் என்னைக் கேட்கவில்லை? கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது என்ற அவருடைய விரதமா? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாரா? அல்லது அப்போது அவருக்கு அது தோன்றவே இல்லையா? திரும்புகிற பஸ்ஸில் முக்கால் மணி நேரம் பக்கத்துப் பக்கத்து இருக்கை. சொல்ல வாயைத் திறந்தேன். "டீச்சர், அந்த அம்மா துணி அலசினதுல கட்டையும் கொஞ்சம் வெளுத்திருக்கும்" என்று ஒரு ஜோக்தான் வெளியே வந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் குழப்பிவிட்டது. கோபமாக இருப்பவர் அப்படிச் சிரிப்பாரா?

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். அவர் எப்படியும் சாமர்த்தியமாகச் சமாளித்துவிடுவார், நான் எதற்கு நடுவில் என்று மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தேன். சாயங்காலம் அதை மாற்றிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஹெட்மாஸ்டர் அறைக்குள் போனபோது டீச்சர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"எங்க வகுப்புலதான் சார் ஆரம்பிச்சிருக்கு. போர்டுல எழுதியிருந்ததைப் பயலுவ ஊருக்குக் கொண்டுபோயிருக்கானுவ."

ஹெட்மாஸ்டருக்கே ஆச்சரியம். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். "யாரு எழுதுனா?" என்றார்.

"நான் பாக்கல சார்."

என் பேனா பதிவேட்டில் ஒரு புள்ளியிலேயே நின்று மை ஊறிக்கொண்டிருந்தது. "நான்தான் சார் எழுதுனேன்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

"என்னவே, தமிழய்யா! வெளையாட்டா?"

"வெளையாட்டுதான் சார். ஆனா நான் 'தாம்' போட்டிருந்தேன்."

"என்ன தாம்?"

விளக்கினேன். வந்திருக்கிறது என்றால் என்ன, வந்திருக்கிறதாம் என்றால் என்ன, பலகை எங்கே முடிந்தது, பதினைந்து எங்கே இருந்தது, எல்லாவற்றையும் கையை நீட்டி மடக்கி விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. என் வாழ்நாளில் இலக்கணத்தை அவ்வளவு மோசமாக நான் நடத்தியதில்லை.

"உம்ம தாமும் வேண்டாம், தூமும் வேண்டாம்வே. எவர் எழுதுனாலும் அந்தப் பீரியடுலதான எழுதுனீரு? இனிமே வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு கணக்கு. தாளாளருக்கு நான் சொல்லிக்கிடுதேன். ரெண்டு பேரும் போங்க."

அவ்வளவுதான். இரண்டு வருட நடை, இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

டீச்சர் வெளியே வந்து வராந்தாவில் நடந்தார். அவர் கையில் அன்றைய பேப்பர் இரண்டும் மடித்தபடி இருந்தன. நான் பின்னாலேயே போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகிறாரா என்று பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். அதுவும் இல்லை. வராந்தா முடியப்போகிறது, ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"டீச்சர், செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியடு எனக்கு ஒன்பதாம் வகுப்புல இலக்கணம், அன்னைக்கு வேற ரூம்லதான். பயலுவ எப்படியும் தூங்கத்தான் செய்யுதானுவ. அதை நீங்க எடுத்துக்கோங்க. பாடக் குறிப்புல நான் இலக்கணம்னே எழுதிக்கிடுதேன்."

அவர் நின்றார். நான் சொன்னதை நானே கேட்டுக்கொண்டு, பதறி, திருத்தினேன். "இல்ல, இல்ல. உள்ளதை உள்ளபடியே எழுதுதேன். ஹெட்மாஸ்டர் கேட்டா நானே பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். மன்னித்த பார்வையா, மன்னிக்காத பார்வையா, எனக்குப் பிடிபடவில்லை.

"எந்த ரூம்?"